டிஜிட்டல் திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைத்தளம், ஆப், பில்லிங் மென்பொருள், ஆன்லைன் விற்பனை என்று ஏதோ ஒன்றை வெளியாளிடம் (வெண்டரிடம்) கொடுத்துச் செய்து வாங்கும் கடைகள், பள்ளிகள், அறக்கட்டளைகள், நடுத்தர நிறுவனங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இதைப் படிக்கக் கோட் எழுதத் தெரிய வேண்டியதில்லை. "முடிந்தது" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பொருளில் சொல்கிறார் என்று விடாமல் கேட்கும் பழக்கம் இருந்தால் போதும். கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

திட்டம் தடம் மாறுகிறது என்பது முதலில் எதில் தெரியும்?

"90 சதவீதம் முடிஞ்சிருச்சு" என்ற பதில் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சதவீதம் வெறும் மனக்கணக்கு. வேலையைச் சிறு உருப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1 மட்டும் போடுங்கள். 40 உருப்படியில் 22-ஐ உங்கள் கையால் இயக்கிப் பார்த்துவிட்டீர்கள் என்றால் 55 சதவீதம். அரைகுறைக்கு மதிப்பெண் கிடையாது. முதல் வாரம் இந்த எண் வெண்டர் சொல்வதைவிட நன்றாகக் கீழே இருக்கும். இரண்டு தரப்புக்கும் சங்கடமாகத்தான் இருக்கும்.

வேறு அடையாளங்களும் உண்டு. டெமோ எப்போதும் டெவலப்பரின் லேப்டாப்பிலேயே நடக்கும், உங்கள் போனில் திறந்து பார்க்க லிங்க் வராது. போன வாரக் கூட்டக் குறிப்பில் இருந்த வரியே தேதி மட்டும் மாறி இந்த வாரமும் வரும். பக் (பிழை) பட்டியலில் மூடியவற்றைவிடப் புதிதாகத் திறப்பவை கூடிக்கொண்டே போகும். இன்னொன்றைப் பலர் பார்ப்பதே இல்லை: வெண்டர் அனுப்பிய கேள்விகள் உங்கள் பக்கம் பத்து நாளாகப் பதிலில்லாமல் கிடக்கும். தாமதத்துக்கு யார் காரணம் என்று சண்டை வரும்போது இந்தத் தேதிகள்தான் முதலில் வெளியே வரும்.

"முடிந்தது" என்பதை எப்படி எழுதி வைப்பது?

ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் விற்பனையை எடுத்துக்கொள்வோம். தேவைப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: "வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்யலாம்."

இதில் எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது பாருங்கள். எதுவரை ரத்து செய்யலாம், பில் போடும் வரையா, கூரியர் எடுக்கும் வரையா? மூன்று புடவை வாங்கியவர் ஒன்றை மட்டும் ரத்து செய்யலாமா? செய்யலாம் என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம் என்ற சலுகை இப்போது அவருக்குப் பொருந்தாதே. அந்தக் கட்டணத்தைப் பிடிப்பீர்களா? கூப்பன் தள்ளுபடியை மூன்று புடவைக்கும் பிரித்துக் கழிப்பதா? பணம் அவருடைய கணக்குக்கா, கடையின் வாலட்டுக்கா? ரத்தான புடவை இருப்பில் உடனே ஏறுமா, குடோனில் ஒருவர் பிரித்துப் பார்த்து ஏற்ற வேண்டுமா? ஜி.எஸ்.டி இன்வாய்ஸ் ஏற்கெனவே போயிருந்தால் அந்தத் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் யார் போடுவது?

இவற்றுக்கு நீங்கள் பதில் எழுதாவிட்டால் டெவலப்பர் தனக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்வார். ரத்து பட்டன் வேலை செய்கிறது, அவர் கணக்கில் "முடிந்தது". கணக்குப் பிரிவுக்கு அது அன்றுதான் தொடங்கும்.

அந்த வரியை இப்படி எழுதலாம்: "கூரியர் எண் பதிவாகும் முன் ரத்து செய்தால், செலுத்திய தொகை அதே கணக்குக்கு ரீஃபண்டாகப் போக வேண்டும். குடோன் பொறுப்பாளர் உறுதி செய்த பிறகு இருப்பில் 1 கூட வேண்டும். வாடிக்கையாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் செய்தி போக வேண்டும். கூரியர் எண் வந்த பிறகு ரத்து பட்டன் தெரியக் கூடாது." நான்கு வாக்கியம்தான். ஒவ்வொன்றையும் ஆம், இல்லை என்று சோதித்துவிட முடிகிறது. "எளிதாக இருக்க வேண்டும்", "வேகமாகத் திறக்க வேண்டும்" போன்றவற்றைச் சோதிக்க முடியாது. "4ஜி போனில் முகப்புப் பக்கம் 3 நொடிக்குள் திறக்க வேண்டும்" என்றால் முடியும்.

அப்படியென்றால் 60 பக்க ஆவணம் எழுத வேண்டுமா?

வேண்டாம், அதை யாரும் படிக்க மாட்டார்கள். பணம், இருப்பு, அனுமதி, கணக்கு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றைத் தொடும் இடங்களை மட்டும் மேலே சொன்னபடி விரித்து எழுதுங்கள். "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு ஒரு வரி போதும். ஒரு பக்கம் மட்டும் கட்டாயம் தனியாக வேண்டும்: இந்த விலையில் அடங்காதவை. பொருட்களின் படம் எடுப்பது, 800 பொருளின் விவரம் தட்டச்சு செய்வது, தமிழாக்கம், பழைய தரவைச் சுத்தம் செய்வது, ஊழியர் பயிற்சி. எழுதாமல் விட்டால் இந்த ஐந்தும் இலவசம் என்று நீங்களும், இல்லை என்று வெண்டரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தேதியை எப்படிக் கணிப்பது? சொன்ன தேதிக்கு எதுவும் முடிவதில்லையே.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டால், எல்லாம் கூடிவந்தால் ஆகும் நாளைத்தான் எவரும் சொல்வார். மூன்று எண் கேளுங்கள்: கூடிவந்தால், வழக்கமாக, சொதப்பினால். நடு எண்ணை 4-ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுங்கள். 5, 8, 20 என்று சொன்னால் 57-ஐ 6-ஆல் வகுக்க 9.5 நாள் வருகிறது. இந்த விடையைவிட 5-க்கும் 20-க்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. அவ்வளவு விரிந்திருக்கிறது என்றால் அந்த உருப்படி அவருக்கே இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் ஒதுக்கிச் சின்ன முன்மாதிரி செய்து பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள்.

அடுத்தது, யாரும் வேலை செய்யாமல் கழியும் நாட்கள். வியாபாரச் செய்திகளை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புவோரைப் பதிவு செய்யும் டி.எல்.டி தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் மூன்றும் பதிவாக வேண்டும். பதிவான வாசகத்தில் நிலையான பகுதியில் ஒரு சொல்லை மாற்றினாலும் செய்தி போகாது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேக்குக் கே.ஒய்.சி (அடையாளச் சரிபார்ப்பு) முடிய வேண்டும். ரீஃபண்ட் விதி, தொடர்பு முகவரிப் பக்கங்கள் தளத்தில் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பும். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனைப் பதிப்பில் இருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். இவை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கோட் முடிந்த பிறகு தொடங்கினால் மூன்று வாரம் சும்மா உட்கார வேண்டியதுதான்.

நாள்காட்டியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம், பள்ளிக்குச் சேர்க்கைக் காலம், கணக்குப் பிரிவுக்கு மார்ச் மாதம். இந்த நாட்களில் உங்கள் ஆட்கள் யாரும் சோதனைக்குக் கிடைக்க மாட்டார்கள்.

தாமதமாகிவிட்டது. இன்னும் நான்கு டெவலப்பரைப் போடச் சொல்லலாமா?

ஐ.பி.எம்மின் ஓ.எஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குப் பழையவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த நேரம் வேலையிலிருந்து போகிறது. 4 பேர் இருந்தால் அவர்களுக்குள் 6 இணைப்பு, 8 பேர் ஆனால் 28. ஒருவர் மாற்றியது இன்னொருவருக்குத் தெரியாமல் போக 28 வழி.

சோதனை, பொருள் விவரம் ஏற்றுதல், படம் வெட்டுதல் போன்ற, தனித்தனியாகப் பிரிகிற வேலைக்கு ஆள் சேர்த்தால் பலன் உண்டு. கோட் பக்கம் தாமதம் என்றால் முதல் வெளியீட்டிலிருந்து வசதிகளை வெட்டுங்கள். விஷ்லிஸ்ட், ரிவ்யூ, பரிசு அட்டை எல்லாம் இரண்டாம் வெளியீட்டில் வரலாம். சோதனை நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் அங்கேதான் வெட்டுகிறார்கள்.

நடுவில் "சின்ன மாற்றம்தான்" என்று கேட்பது தவறா?

தவறில்லை. சின்னது என்று நீங்களே முடிவு செய்வதுதான் தவறு. "ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு போன் எண் வைக்கலாமா?" என்பது திரையில் கூடுதலாக ஒரு பெட்டி, அவ்வளவுதான். உள்ளே போனால் ஓ.டி.பி எந்த எண்ணுக்கு, இரண்டாவது எண்ணிலும் லாகின் செய்யலாமா, கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கில் ஒரே எண்ணைக் கொடுத்தால் என்ன செய்வது, பழைய 6,000 பேரின் எண் எந்தப் பெட்டியில் போகும் என்று நீளும்.

ஒரு ஷீட்டில் ஐந்து நெடுவரிசை போதும்: என்ன மாற்றம், யார் கேட்டது, எத்தனை நாள், எவ்வளவு ரூபாய், யார் எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டது. வாட்ஸ்அப்பில் கேட்டது இந்த ஷீட்டில் ஏறும் வரை கேட்டதாகவே கணக்கில்லை என்று முதல் நாளே இருதரப்பும் பேசிக்கொள்ளுங்கள். முதலாளியின் தம்பி நேராக டெவலப்பருக்குப் போன் போட்டுச் சொல்வதும் இதில் அடக்கம்.

முடிவெடுக்க ஒரு குழு போடலாமா?

கருத்துச் சொல்லக் குழு இருக்கட்டும். முடிவுக்கு ஒரே ஆள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதற்கு இன்னொரு பெயர். கேள்வி வந்து இரண்டு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும்.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது முதல் நாள் முழுக்கப் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். பணத்துக்கோ ஆளுக்கோ அங்கே பஞ்சமில்லை. அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று தெளிவான தலைமை இல்லாதது. மொத்தத் திட்டத்துக்கும் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒரு பெயர் வரவில்லை.

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது எது?

கோட் யாருக்குச் சொந்தம் என்பது. பணம் கொடுத்தாயிற்று, நமக்குத்தான் என்று நினைக்கிறோம். 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி இல்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை உங்களுடையது (பிரிவு 17). வெளி வெண்டர் எழுதினால், அவர் கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றித் தந்தால்தான் வரும். அப்படித் தரும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்கிறது. ஆகவே "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெண்டர் பல வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தும் தன்னுடைய பொதுக் கோட் என்றால் அதை விற்க மாட்டார், நியாயம்தான். நிரந்தரப் பயன்பாட்டு உரிமையாவது எழுதி வாங்குங்கள்.

தவணையைத் தேதியோடு கட்டாமல், பார்க்கக்கூடிய பலனோடு கட்டுங்கள். முன்பணம் 20, முதல் ஓடும் பதிப்பு உங்கள் போனில் திறந்தால் 30, சோதனைப் பட்டியல் முழுதும் தேறினால் 30, கோ-லைவ் (நிஜப் பயன்பாட்டுக்குத் திறக்கும் நாள்) அன்று 10, அதன்பின் 60 நாள் கழித்து மீதி 10 சதவீதம் என்பது இருதரப்புக்கும் தாங்கும். 50 சதவீதம் முன்பணமாகப் போனால் பேரம் பேசும் பலம் அன்றோடு போயிற்று.

டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் வெண்டரே பார்த்துக்கொள்கிறார். பரவாயில்லையா?

வேலையை அவர் பார்க்கட்டும், உரிமையாளர் நீங்களாக இருங்கள். டொமைன் (தள முகவரி), அதைச் சர்வரோடு இணைக்கும் டி.என்.எஸ், ஹோஸ்டிங், கோட் வைக்கும் கிட் கணக்கு, பிளே கன்சோல், ஆப்பிள் டெவலப்பர் கணக்கு, பேமென்ட் கேட்வே, டி.எல்.டி, மேப், அனலிட்டிக்ஸ் எல்லாமே நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் தொடங்கி, வெண்டருக்கு உறுப்பினர் அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். மேனேஜரின் சொந்த ஜிமெயிலில் தொடங்காதீர்கள். அவர் வேலையை விட்ட பிறகு ஓ.டி.பி கேட்டு அவர் பின்னால் அலைய வேண்டிவரும்.

ஆண்ட்ராய்டு ஆப்புக்கு, அப்டேட் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் கையொப்பச் சாவி என்று ஒன்று உண்டு. அந்தச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்ளும் பிளே ஆப் சைனிங்கில் சேர்த்திருந்தால், நீங்கள் பதிப்பை ஏற்றப் பயன்படுத்தும் அப்லோட் சாவி தொலைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். சேர்க்காத பழைய ஆப் என்றால், சாவி தொலைந்த பிறகு அதே ஆப்புக்கு அப்டேட் கொடுக்க வழியில்லை. புதிய ஆப்பாகப் போட்டு எல்லோரையும் மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டும்.

பழைய எக்செலில் இருக்கும் தரவை ஏற்றுவது ஒரு நாள் வேலைதானே?

இந்த ஒன்றைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். 0-வில் தொடங்கும் எண்ணில் அந்த 0 மறைந்துவிடும். 03/04 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்பது அந்தக் கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்தது. "கு. முருகன்", "முருகன் கு", "முருகன்.கு" மூவரும் ஒருவரா, மூன்று பேரா? இதற்கு எந்த மென்பொருளும் பதில் சொல்லாது, கடையில் பல வருடம் இருப்பவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒத்திகை குறைந்தது மூன்று முறை. ஒவ்வொரு முறையும் மூன்று சோதனை: வரிகளின் எண்ணிக்கை இருபுறமும் ஒன்றா, நிலுவைத் தொகையின் கூட்டல் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா, கண்ணை மூடி எடுத்த 50 பதிவுகள் பழையதும் புதியதும் வரிக்கு வரி ஒன்றா. முதல் ஒத்திகை சொதப்புவது இயல்பு. மூன்றாவதும் சொதப்பினால் கோ-லைவ் தேதியைத் தள்ளுங்கள்.

பிரிட்டனின் டி.எஸ்.பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் வாடிக்கையாளர் தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, அமைப்புதான் தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்ட்.

தமிழ் இருக்கும் திட்டத்தில் தனியாக வரும் தவறுகள் உண்டா?

நிறைய. பாமினி, டேம் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தரவு, யூனிகோடாக மாற்றாமல் ஏற்றினால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். மாற்றியில் போட்டாலும், நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குதறிவிடும்.

தேடலில் ஒரு நுணுக்கம். "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு ஊழியர் ஒரு கீபோர்டில் தட்டிய "கொடுமுடி"யை இன்னொருவர் வேறு கீபோர்டில் தட்டித் தேடினால் "இல்லை" என்று வரும். உள்ளே வாங்கும்போதே யூனிகோட் நார்மலைசேஷன் (இரண்டையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்யச் சொன்னால் இது தீரும். "ஸ்ரீ"க்கு அதுவும் உதவாது. ஸகரத்திலும் ஶகரத்திலும் எழுதும் இரண்டு வடிவமும் யூனிகோடுக்கு வெவ்வேறு, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். ஸ்ரீதர், ஸ்ரீரங்கம் என்று நம் பட்டியல்களில் ஸ்ரீக்குக் குறைவில்லை.

நீளம் அடுத்தது. "வாடிக்கையாளர்" கண்ணுக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13. யு.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39 பைட். 30 பைட் என்று வரையறுத்த பெயர்ப் பெட்டி ஆங்கிலத்தில் தேறும், தமிழில் பாதியில் அறுந்துவிடும். எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து வரை ஒரு செய்தி. தமிழ் என்றால் 70-தான், அதுவும் மேலே சொன்ன 13 கணக்கில். அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காசு எடுப்பார்கள்.

பி.டி.எஃப் ரசீதில் கொம்பு இடம் மாறிக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத ஆயத்தக் கோட் தொகுப்பை (லைப்ரரி) டெவலப்பர் எடுத்திருக்கிறார் என்று பொருள். பில் அச்சிடும் சின்னத் தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்து இருக்காது என்றே எடுத்துக்கொண்டு, பில்லைப் படமாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். முதல் டெமோவிலேயே "ஸ்ரீ", "கௌ", "க்ஷ" உள்ள ஒரு பெயரைப் போட்டு ரசீது அச்சிட்டுக் காட்டச் சொன்னால் பல விஷயம் அன்றே வெளியே வரும்.

சோதனையை யார் செய்ய வேண்டும்?

கோட் எழுதியவர் செய்வது போதாது. அவருக்கு எங்கே தட்டக் கூடாது என்று தெரியும், தட்ட மாட்டார். பில் போடும் அக்காவையும் குடோன் தம்பியையும் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று வழி சொல்லாமல் பாருங்கள். புதுப் போனில் மட்டும் பார்க்காமல், நான்கு வருடப் பழைய, நினைவகம் நிறைந்த ஒரு போனிலும் பாருங்கள்.

பணம் செலுத்தும் இடத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். யு.பி.ஐ ஆப்பில் பின் நம்பர் போட்ட உடனே நெட்டை அணைத்துவிடுங்கள். பணம் போயிருக்கும், கடைப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த ஆர்டர் பதிவாகிறதா? வாடிக்கையாளர் திரும்பி வந்தால்தான் ஆர்டர் பதிவு என்று எழுதியிருந்தால் பதிவாகாது. கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேராக அனுப்பும் தகவலை, அதாவது வெப்ஹுக்கை நம்பித்தான் ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். அதே தகவல் இருமுறை வந்தாலும் ஆர்டர் ஒன்றுதான் விழ வேண்டும். வந்த தொகை பில் தொகைக்குச் சமமா என்று சர்வரிலும் பார்க்க வேண்டும். தினமும் காலையில் ஆர்டர் பட்டியல், கேட்வே அறிக்கை, வங்கி வரவு மூன்றையும் ஒப்பிட ஒருவர் வேண்டும். வங்கி வரவு ஓரிரு வேலை நாள் பிந்தியும் கேட்வே கட்டணம் கழிந்தும் வருவதால், மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் என்றைக்கும் சேராது.

இன்னொரு வழக்கமான விபத்து: சோதனைக்காக நிஜ வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே எடுத்துப் போடுவது. "உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது" என்று சில ஆயிரம் பேருக்கு ராத்திரி எஸ்.எம்.எஸ் போய்விடும். சோதனைச் சர்வரில் போன் எண்களை மாற்றிவிட்டுத்தான் தரவை ஏற்ற வேண்டும்.

பேக்கப் தினமும் எடுக்கிறோம். போதாதா?

எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்த்தது எப்போது? கோட் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டது. ஐந்து விதப் பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தினசரிப் பேக்கப் மென்பொருள் பதிப்பு மாறியதால் ஓடாமலே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், பாராட்ட வேண்டியது.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு சர்வரில் ஏற்றி, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அத்தனை மணி நேரம் கடை மூடியிருந்தால் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

கோ-லைவை எந்த நாளில், எப்படி வைப்பது?

செவ்வாய் அல்லது புதன் காலை. வெள்ளி மாலை வைத்தால் சனி, ஞாயிறு யாரும் போன் எடுக்க மாட்டார்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். முகூர்த்தம் பார்ப்பவர்கள் பாருங்கள், வார நாளில் அமையும் முகூர்த்தமாகப் பாருங்கள்.

திரும்பிப் போகும் வழியை முன்பே எழுதுங்கள்: எத்தனை மணிக்குள் எது நடக்காவிட்டால் பழையதற்குத் திரும்புவது, யார் சொன்னால், யார் செய்வது. "ஒரு மணி நேரத்தில் 5 பில்லுக்கு மேல் தவறினால் பழைய மென்பொருள்" என்பது போல எண்ணாக இருக்கட்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம், 8 சர்வரில் 7-ல் மட்டும் புதிய கோட் ஏறியிருக்கச் சந்தையைத் தொடங்கியது. எட்டாவதில் கிடந்த பழைய கோட் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பை உண்டாக்கியது. எல்லாச் சர்வரிலும் ஒரே பதிப்புதானா என்று இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

சம்பளம், பில்லிங் என்றால் பழையதும் புதியதும் ஒரு முழுச் சுழற்சிக்குச் சேர்ந்து ஓட வேண்டும். ஒரு கிளையில் மட்டும் முதலில் தொடங்குங்கள். கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருளில் பட்ஜெட்டுக்குள் அடக்க வசதிகளைக் குறைத்தார்கள். ஒரு துறையில் மட்டும் நடத்தவிருந்த முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். 2016-ல் தொடங்கிய பிறகு பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை.

"நாங்கள் அஜைல் முறை" என்கிறார் வெண்டர். திட்டம் எழுதத் தேவையில்லையாமே?

அஜைல் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் தொட்டுப் பார்க்கும்படி ஏதாவது ஓட வேண்டும். ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் குறைந்தபட்சம் என்ன?

கடவுச்சொல், கேட்வே சாவி எதுவும் கோட்டுக்குள் இருக்கக் கூடாது. நிர்வாகப் பக்கத்துக்கு ஆளுக்கொரு கணக்கு, இரண்டடுக்கு உறுதி. ஊடுருவல் நடந்தால் அறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு. ராத்திரி 2 மணிக்குத் தெரிந்தால் யார் யாரை எழுப்புவது என்று இரண்டு போன் எண்ணோடு எழுதி ஒட்டுங்கள். தேவையில்லாத பிறந்த தேதி, ஆதார் நகல் போன்றவற்றை வாங்காமலே இருப்பது மலிவான பாதுகாப்பு.

கட்டி முடித்த பிறகு என்ன செலவு வரும்?

ஆண்டுக்குக் கட்டிய செலவில் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். டொமைன், ஹோஸ்டிங், எஸ்.எம்.எஸ் தவிர, கூகுள் பிளே ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஆப்பை உயர்த்தச் சொல்லும். செய்யாவிட்டால் புதிய போன்களில் ஆப் கிடைக்காமல் போகும். ஆப்பிள் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர். தானாகப் புதுப்பிக்கும் என்று விட்ட டொமைன், கிரெடிட் கார்டு காலாவதியானதால் நின்றுபோவது ரொம்ப சகஜம்.

எப்போது திட்டத்தையே நிறுத்துவது? வெண்டரை மாற்றும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

தொடங்கும்போதே எல்லையை எழுதுங்கள்: ஒப்புக்கொண்ட நாளில் பாதி கழிந்தும் ஒரு ஆர்டர் கூட முழுதாக ஓடவில்லை, செலவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது, மூன்று ஒத்திகையும் தோல்வி. இவற்றில் இரண்டு நடந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நாள் வந்துவிட்டது. "இவ்வளவு போட்டுவிட்டோமே" என்ற கணக்கைப் பேச்சில் கொண்டுவராதீர்கள். இனி எவ்வளவு, எத்தனை நாள் என்பது மட்டும். பிரிட்டன் அரசு 2002-ல் தொடங்கிய தேசிய மருத்துவத் தகவல் திட்டத்தைக் கலைப்பதாக அறிவிக்க 2011 வரை ஆயிற்று.

மாற்றுவது என்று முடிவானால் முழு வரலாற்றோடு கிட் கோட், தரவுத்தள நகல், சர்வர் அமைப்புக் குறிப்பு, வெளிச் சேவைகளின் பட்டியல், வடிவமைப்பின் மூலக் கோப்புகள் ஆகியவற்றை வாங்குங்கள். புதிய டெவலப்பர் ஒரு வெற்றுச் சர்வரில் அவற்றை ஏற்றி, ஒரு சோதனை ஆர்டர் போட்டு, ரத்தும் செய்து காட்டிய பிறகு பழையவருக்குக் கடைசித் தவணை. அதற்கடுத்து எல்லாக் கடவுச்சொல்லையும் சாவியையும் மாற்றுங்கள். கேட்வேயில் பழைய சர்வரின் வெப்ஹுக் முகவரியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். பணம் வங்கிக்கு வந்துகொண்டே இருக்கும், புதிய தளத்தில் ஒரு ஆர்டரும் விழாது.